முதல் கயாக் பிள்ளைக்கு

சியாட்டிலைச் சுற்றி, ரெட்மண்டிலோ சமாமிஷிலோ குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் யாராவது ஒருவர் கராஜில் சொந்தமாகக் கயாக் கட்டப்போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், யோசனை கேட்காமலே வந்துவிடும். "சின்னப் பிள்ளைகள் இருக்காங்களா? அப்ப பெரிய டபுளா கட்டிருங்க. முடிஞ்சா நடுவுல இன்னொரு சீட் வச்சு மூணு பேர் படகு." சொல்பவர்கள் விவரம் தெரியாதவர்களும் இல்லை. வருடக்கணக்காக மரப்படகு கட்டிவரும் அமெரிக்கப் பெரியவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள்; கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டிகளும் இதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே குரலில் பேசும்போது ஆறு வயதுப் பிள்ளையின் தகப்பனுக்கு மறுத்துப் பேச என்ன இருக்கிறது? இருவர் உட்காரும் டபுள் கயாக்கின் வரைபடத்தை வாங்கிவிடுகிறார்.

அந்த யோசனையை நான் முழுதாக மறுக்கிறேன். சின்னப் பிள்ளைகள் உள்ள குடும்பம் முதலில் கட்ட வேண்டியது, பிள்ளை தனியாக உட்கார்ந்து துடுப்புப் போடும் சின்னக் கயாக்கை. அடுத்து, பெரியவர்களுக்கு ஆளுக்கொரு சிங்கிள். டபுளைக் கட்டவே வேண்டாம். அது தேவைப்படும் ஓரிரு கோடைகளுக்கு வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும்.

டபுள் வேண்டும் என்பவர்கள் முதலில் சொல்வது பாதுகாப்பை. பிள்ளை நம்மோடு ஒரே படகில், கண் முன்னால் இருக்கிறது. தனியாக விட்டால் என்ன ஆவது? இந்தக் கவலை நியாயமானது. இதைவிடப் பெரிய கவலை பெற்றவர்களுக்கு இருக்கவும் முடியாது. ஆனால் படகு கவிழ்ந்த பிறகு அடுத்த ஐந்து நிமிடம் என்ன நடக்கும் என்பதை யாரும் கடைசிவரை யோசித்துப் பார்ப்பதில்லை. டபுள் கவிழ்ந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் தண்ணீரில். உதவி செய்யப் படகில் ஒருவரும் மிச்சமில்லை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் துடுப்பு. இரண்டையும் விடாமல் படகை நிமிர்த்த வேண்டும். வெறும் படகே 35, 40 கிலோ இருக்கும். உள்ளே 200 லிட்டர் தண்ணீர் புகுந்திருந்தால் அதுவே 200 கிலோ. நிமிர்த்தினாலும் அந்தத் தண்ணீரை இறைத்து முடிக்காமல் ஏறினால் படகு மறுபடி சாயும்.

இங்கே தண்ணீர் நம் ஊர்த் தண்ணீர் இல்லை. ப்யூஜெட் சவுண்டின் திறந்த பகுதிகளில் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 7 முதல் 13 டிகிரிக்குள்தான் இருக்கும். மானிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் குளிர்ந்த நீரில் மனித உடல் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆராய்ந்து எளிய கணக்கு ஒன்றைப் பரப்பினார்: மூச்சை நிலைப்படுத்த 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்கும் 10 நிமிடம், நினைவு தப்புவதற்கு முன் 1 மணி நேரம். இது பெரியவர்களுக்கான கணக்கு. எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு அதிகம் என்பதால் குழந்தையின் உடல் இன்னும் வேகமாகச் சூட்டை இழக்கும். விரல் மடங்கும் அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒற்றை ஆளாகக் கனத்த படகை நிமிர்த்தி, பிள்ளையை ஏற்றி, தானும் ஏற வேண்டும் என்பது பயிற்சி பெற்றவருக்கே பெரும்பாடு.

பிள்ளை தன் படகில், அம்மாவும் அப்பாவும் அவரவர் படகில் இருக்கும்போது கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். கவிழ்வது பெரும்பாலும் பிள்ளையின் படகு. பெரியவர் தன் படகில் உலர்ந்து உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை அவர் படகின் ஓரக்கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அவர் சின்னப் படகின் மூக்கைத் தன் மடிக்குக் குறுக்கே இழுத்துத் தூக்குகிறார்; தண்ணீர் வடிகிறது; புரட்டிப் போட்டு இரு கையாலும் அழுத்திப் பிடிக்கிறார்; பிள்ளை வயிற்றால் தவழ்ந்து ஏறிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு கிலோ படகு என்பதால் இதெல்லாம் ஆகிற காரியம். பெரியவர் கவிழ்ந்தால் இன்னொரு பெரியவர் இருக்கிறார். ஒரே ஒரு பெரியவர்தான் வந்திருக்கிறார் என்றால், பிள்ளை எழுந்து நின்றால் இடுப்பளவு வரும் தண்ணீரைத் தாண்டிப் போகவே கூடாது. டபுளில் போனாலும் இந்த விதியைத் தளர்த்த நான் சம்மதிக்க மாட்டேன்.

டபுள் அவ்வளவு சீக்கிரம் கவிழாது என்பார்கள். உண்மைதான், அது அகலமான படகு. அதனாலேயே யாரும் அதைக் கவிழ்த்துப் பழகுவதில்லை. ஜூலை மாதத்தில் லேக் சமாமிஷ் ஸ்டேட் பார்க்கின் கரையோரம், வெதுவெதுப்பான ஆழமில்லாத தண்ணீரில், சின்னக் கயாக்கைப் பிள்ளை தானே புரட்டிப் போட்டு வெளியே வந்து சிரிக்கும். மறுபடி கேட்கும், மறுபடி புரட்டும். ஒரு மதியப்பொழுதில் கவிழ்வதன் பயம் போய்விடும். தண்ணீருக்குள் கண்ணைத் திறக்க, படகை விடாமல் பிடிக்க, சொன்னதைக் கேட்கப் பழகிவிடும். 40 கிலோ டபுளைப் பயிற்சிக்காக யார் பத்துத் தடவை கவிழ்ப்பார்கள்? அந்தக் குடும்பம் முதன்முதலாகக் கவிழும் நாள், நிஜமாகவே கவிழும் நாளாக இருக்கும்.

நடு இருக்கை வைத்த மூவர் படகு விஷயத்தில் என் எதிர்ப்பு இன்னும் கடுமையானது. முன்னால் இருப்பவருக்குப் பிள்ளை கண்ணிலேயே படாது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது பிள்ளையின் முதுகு. பிள்ளைக்குத் தெரிவதும் ஒரு முதுகுதான். துடுப்புப் போட இடமில்லை. போட்டால் முன்னும் பின்னும் இடிக்கும். தண்ணீர் தெறிக்காமல் இருக்க, பிள்ளை உட்காரும் நடுக்குழியை மூட ஸ்ப்ரே ஸ்கர்ட் மாட்டிவிடுகிற பெற்றோரும் உண்டு. நீருக்குள் தலைகீழாக இருக்கும்போது அதைத் தானே கழற்றி வெளியே வரத் தெரியாத பிள்ளையை அப்படி மூடி உட்காரவைக்கவே கூடாது. சாமான் வைக்கும் அறையைத் திறந்து குழந்தையை அதில் உட்காரவைப்பது அதைவிட மோசம். ஆள் உட்காரவென்று அளந்த இடமில்லை அது.

கயாக்கின் சரித்திரத்திலேயே இந்த நடுக்குழி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். அலாஸ்காவின் தென்மேற்கில் உள்ள அலூஷியன் தீவுகளில் உனாங்கான் மக்கள் கடற்சிங்கத் தோலில் கட்டிய படகுகளில், வேட்டைக்காரனுக்கான ஒற்றைக்குழிப் படகும் இரட்டைக்குழிப் படகும் உண்டு. மூன்று குழிகள் கொண்டது ரஷ்யர்கள் அங்கே வந்த பிறகு பரவியது. முன்னும் பின்னும் தீவுக்காரர்கள் துடுப்புப் போட, நடுக்குழியில் ரஷ்ய அதிகாரியோ பாதிரியாரோ உட்கார்ந்து போனார்கள். துடுப்புப் போடாமல் போய்ச் சேர வேண்டியவருக்காக ஏற்பட்ட இடம் அது. ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டிய பிள்ளையை அங்கே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கிரீன்லாந்தில் பிள்ளைகளை எப்படிப் பழக்கினார்கள் என்பதற்கு ஃப்ரிட்யோஃப் நான்சென் சாட்சி. 1888-ல் கிரீன்லாந்தின் பனிப்பரப்பைக் கடந்த அவர், கப்பல் கிடைக்காமல் அந்தக் குளிர்காலத்தை காட்ஹாபில், இன்றைய நூக்கில், அங்குள்ள மக்களோடு கழித்தார். 1891-ல் வெளிவந்த புத்தகத்தில், நல்ல கயாக்காரர்கள் ஆறு எட்டு வயதிலேயே அப்பாவின் கயாக்கில் பழகத் தொடங்கிவிடுவார்கள் என்றும், பத்துப் பன்னிரண்டு வயதில் பொறுப்புள்ள தகப்பன் மகனுக்குச் சொந்தக் கயாக் கொடுத்துவிடுவான் என்றும் எழுதுகிறார். கயாக்கைக் கண்டுபிடித்த மக்களே பிள்ளைக்கென்று தனிப்படகு கட்டினார்கள். அதையும் ஆளின் உடம்பை வைத்தே அளந்தார்கள்: நீளம் இரு கைகளையும் விரித்தால் வரும் அளவைப் போல மூன்று மடங்கு, அகலம் இடுப்போடு இரண்டு முஷ்டி. அந்தக் கணக்கைப் பார்த்தால் பெரியவர் படகு பிள்ளைக்கு ஏன் ஆகாது என்பது தானே புரியும்.

ஆனாலும் "வளர்ற பிள்ளைதானே, பெரிசாவே கட்டிடலாம்" என்கிற பேச்சு ஓய்வதில்லை. பள்ளிச் சீருடையை இரண்டு சைஸ் பெரிதாக எடுத்து மடித்துத் தைப்பது போல இங்கே செய்ய முடியாது. 80 கிலோ ஆளுக்கு வரைந்த கயாக்கில் 22 கிலோப் பிள்ளை உட்கார்ந்தால் படகு தண்ணீரில் இறங்காது, மேலேயே மிதக்கும். மேலே மிதக்கும் படகை லேசான காற்றுகூடத் தள்ளிக்கொண்டு போகும். திருப்பப் பிள்ளைக்குப் பலம் போதாது. அகலம் இன்னொரு தொல்லை. டபுள் கயாக் பெரும்பாலும் 70 சென்டிமீட்டருக்குக் குறையாது. ஆறு வயதுத் தோள் எவ்வளவு அகலம் இருக்கும்? துடுப்பின் நுனி தண்ணீரைத் தொடும் முன் விரல்முட்டி படகின் ஓரத்தில் இடிக்கிறது. தோளை மேலே தூக்கி, துடுப்பைச் செங்குத்தாகப் பிடித்து, நாலு போடு போட்டதும் கை கடுக்கிறது. துடுப்பைக் கிடத்திவிட்டு, "எப்பப்பா கரைக்குப் போவோம்?" என்று கேட்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் சின்னப் பிள்ளைகளுக்குப் பலமில்லை, பொறுமையில்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டுகிறார்கள். பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை, படகு பெரிது. 55 சென்டிமீட்டர் அகலத்தில் தன் எடைக்கு அளந்த படகில் அதே பிள்ளையை உட்காரவைத்துப் பாருங்கள். கரைக்கு வரச் சொல்லி நீங்கள்தான் கெஞ்ச வேண்டியிருக்கும்.

டபுளிலேயே முன்னால் பிள்ளையும் பின்னால் அப்பாவும் உட்கார்ந்தால் சரியாகாதா என்று கேட்கலாம். முன்னால் 22, பின்னால் 85 கிலோ. முன்மூக்கு தூக்கிக்கொள்ளும், பின்பக்கம் அமிழும். தூக்கிய மூக்கைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சமன் செய்யத் தண்ணீர்க் கேன்களை முன்னால் அடுக்குவார்கள். ஓட்டுகிறவருக்கு இதில் சுகமே இல்லை.

செலவைப் பற்றிய வாதத்துக்கு வருவோம். மூன்று நான்கு படகு கட்டுவதைவிட ஒன்று கட்டுவது மலிவு என்பது கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் கையாளும் முறை எது? ப்ளைவுட் பட்டைகளை அறுத்து, ஓரங்களில் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, மூட்டில் எபாக்ஸியும் ஃபைபர்கிளாஸ் நாடாவும் போட்டு ஒட்டுவது. இந்த முறையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது ஜாக் ஹோல்ட்டும் பாரி பக்னெலும் சேர்ந்து வடிவமைத்து 1963-ல் வெளிவந்த மிரர் என்கிற பதினோரு அடிக்கும் குறைவான பாய்ப்படகு. சாதாரணக் குடும்பங்கள் வீட்டில் வைத்துக் கட்டட்டும் என்றே வந்தது. 70,000-க்கும் மேல் கட்டப்பட்டது. சின்னப் படகில் வேரூன்றிய முறை இது, சின்னப் படகுக்கே மிகவும் பொருந்துகிறது.

காரணம் ப்ளைவுட்டின் நீளம். கப்பல்தர ஒகூமே ப்ளைவுட் எட்டுக்கு நாலு அடியில் வருகிறது. அதைவிட நீளமான படகு என்றால் பலகைகளை ஒட்டு போட்டு நீட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் பலகையின் ஓரத்தை ஒன்றுக்கு எட்டு என்கிற சாய்வில், அதாவது 32 மில்லிமீட்டர் அகலத்துக்கு, இழைப்புளியால் வழித்து, இரண்டு சாய்வையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தி ஒட்டுவார்கள். இழைப்புளி சற்றே அசந்தால் மேலடுக்கு பிய்ந்து வரும். ஒட்டும்போது அரை சென்டிமீட்டர் நகர்ந்தால் பதினெட்டு அடிப் படகு முழுக்க அந்தக் கோணல் தெரியும். முதன்முதலாகக் கருவி பிடிப்பவரைக் கண்கலங்க வைப்பது இந்த இடம்தான். பிள்ளையின் கயாக்கை ஏழரை அடிக்குள் முடித்துவிட்டால் இந்த ஒட்டே வேண்டாம். இரண்டு பலகை, சிறிது எபாக்ஸி. மற்ற எல்லா வேலையும் அதில் இருக்கிறது: கம்பியை முறுக்குவது, எபாக்ஸியில் மரத்தூளைக் குழைத்து மூட்டில் பட்டி வைப்பது, துணி படிய வைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது. ஒரு சின்னப் படகு முடியும்போது கை பழகியிருக்கும். அந்தக் கையோடு பெரியவர்களின் சிங்கிளைத் தொடங்கினால் அது நன்றாக அமையும். தெரியாத கையால் மிகப் பெரிய படகை முதலில் கட்டச் சொல்வதுதான் வீண்செலவுக்கு வழி.

பிள்ளையும் வேலையில் சேரலாம் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. ஏழு வயதுப் பிள்ளை செப்புக் கம்பியைத் துளைக்குள் நுழைத்துத் தரும். அதன் விரல் போகிற இடத்தில் உங்கள் விரல் போகாது. எபாக்ஸியும் தேய்க்கும் தூசியும் மட்டும் பிள்ளைக்கு ஆகாது. அந்த நேரத்தில் கராஜுக்குள் விடக் கூடாது. துடுப்பையும் அங்கேயே செதுக்கிவிடலாம். கிரீன்லாந்துத் துடுப்புக்கு ஒரு நேரான சிடார் கட்டை போதும். நீளம், பிள்ளை இரு கைகளையும் விரித்த அளவோடு முழங்கையிலிருந்து விரல்நுனி வரை ஒரு முழம். தண்டின் பருமன், கட்டைவிரலும் சுட்டுவிரலும் வளைத்தால் அடங்குகிற அளவு. அலகின் அகலம் உள்ளங்கை வளைத்துப் பிடிக்கும் அளவு. கடைத் துடுப்பைச் சுமந்து களைத்த பிள்ளை இதை எடுத்தால் வித்தியாசம் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சீக்கிரம் வளர்ந்துவிடும், படகு வீணாகிவிடும் என்பார்கள். ஐந்தாறு வயதில் ஏறும் பிள்ளை பத்துப் பதினொன்று வரை ஓட்டும். மூன்று வயது இளைய தம்பியோ தங்கையோ இருந்தால் எட்டு வருடத்துக்குப் படகுக்கு வேலை இருக்கிறது. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போகும். டபுளின் கதி என்ன? பத்து வயதில் எந்தப் பிள்ளையும் தனிப்படகு கேட்கும். அதற்குப் பிறகு டபுள் கராஜின் கூரையில் தொங்கும். காரின் மேல் ஏற்ற இரண்டு பேர் வேண்டும் என்பதால் அம்மா மட்டும் ஒரு காலையில் போய் வருவதும் நடக்காது.

நாலு வயதுக்கும் கீழே இருக்கும் குழந்தைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் முகம் நனையவே அழும் பிள்ளையை, சொல் கேட்காத வயதில் இருக்கும் பிள்ளையைத் தனிப்படகில் ஏற்றச் சொல்லி நான் வாதாடவில்லை. அவர்களுக்குப் பெரியவர் படகில்தான் இடம். அந்த ஓரிரு கோடைக்கு ஏரிக்கரையில் வாடகைக்குக் கிடைக்கும் அகலமான டபுளோ திறந்த கனூவோ போதும். இரண்டு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட காலத்துக்காக ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்துப் பதினெட்டு அடிப் படகு கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தூரம் போக முடியாது என்பது கடைசி வாதம். சரிதான், போக முடியாது. பிள்ளை தன் கையால் ஒரு மைல் போனால் அது நல்ல நாள். களைத்துவிட்டால் பெரியவர் இடுப்பில் கட்டும் இழுவைக்கயிறு இருக்கிறது. இத்தனை சிறிய படகை இழுப்பது பெரிய பாரமில்லை. ஐந்து மைல் தள்ளியிருக்கும் தீவுக்குப் போயே ஆக வேண்டும் என்ற ஆசை பெரியவர்களுடையது. அதற்காகப் பிள்ளையைச் சுமையாக ஏற்றிப் போவதைக் குடும்ப உலா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்தப் படகில் ஏறினாலும் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் பேரமே கிடையாது. வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி 19 அடிக்குக் குறைந்த படகில் 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் அதைப் போட்டே ஆக வேண்டும். போட்டுவிட்டுத் தோள்பட்டி இரண்டையும் பிடித்துப் பிள்ளையைத் தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது; கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொடைக்கிடையில் பட்டி உள்ளதாக வாங்குங்கள். இதிலும் வளர்கிற பிள்ளை என்ற பேச்சு கூடாது.

சின்னக் கயாக்கில் காக்பிட்டைப் பெரிதாக வையுங்கள், ஸ்கர்ட் மாட்ட இடமே விடாதீர்கள். முன்னும் பின்னும் தண்ணீர் புகாதபடி மிதவை நுரையை அடைத்துவிடுங்கள். இருமுனையிலும் பிடிகயிறு. கால் முட்டுக்கு நுரைக்கட்டை. கால் நீள நீள ஒரு துண்டை அறுத்து எடுக்கலாம். மேல்தளத்தை வார்னிஷ் அடித்து மரத்தின் அழகைக் காட்ட வேண்டும் என்ற ஆசையை உங்கள் படகோடு வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையின் படகுக்கு மஞ்சளோ ஆரஞ்சோ பெயின்ட் அடியுங்கள். மோட்டார்ப் படகுக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரிய வேண்டும்.

ஆறும் ஒன்பதும் வயதில் இரண்டு பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என் வரிசை இது. இந்தக் குளிர்காலம் சிறியவருக்கு ஏழரை அடிப் படகு. கையோடு, அல்லது அடுத்த குளிர்காலம், மூத்தவருக்குப் பத்தடி. ஒட்டுப் போடும் வேலையை அதில் பழகிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு, கடைசியாக அப்பாவுக்கு. அதுவரை பெரியவர்கள் வாடகைச் சிங்கிளில் பக்கத்திலேயே வரட்டும். டபுளின் வரைபடத்துக்கு எடுத்து வைத்த பணத்தில் இன்றே இரண்டு பலகை ஒகூமே வாங்கிவிடுங்கள்.